ஓடையோரத்தில் இல்லாத பாசி

எங்கள் அலுவலக ஜீப்பை ஓட்டிய பிரேக் அண்ணனுக்கு அந்தப் பெயரை வைத்தது நான் இல்லை. நான் வேலைக்குச் சேரும்போதே அது அவர்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. காரணம் கேட்டால் எல்லாரும் சிரித்தார்கள். "ஒரு தடவை அவரோட மலைக்குப் போய்ட்டு வாங்க, தெரிஞ்சிடும்" என்றார் கிளார்க்.

போனேன். தெரிந்துவிட்டது. ஆள் அரவமே இல்லாத மலைப்பாதை. ஒரு வளைவு திரும்பியதும் அண்ணன் பிரேக் போட்டார். முன்னால் மாடு இல்லை, மனிதர் இல்லை, ஒரு குழிகூட இல்லை. இறங்கி வண்டியின் பின்பக்கம் போனார். சற்று நேரம் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்து, "பின்கதவு சரியா சாத்தலையோன்னு பார்த்தேன் மேடம்" என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதே கதவு, அதே சந்தேகம். இப்படியே போனால் மலை உச்சிக்கு நடந்துபோகிறவன் நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவான் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. அதை என் அம்மாவே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வழியில் யார் கை காட்டினாலும் ஏற்றிக்கொள்வார். கை காட்டாமல் சும்மா நிற்கிறவர்களைக்கூட "வரீங்களா?" என்று கேட்பார். அலுவலக வண்டியில் வெளியாள் ஏறக் கூடாது என்று மெமோ கொடுத்துக் கொடுத்து மேலாளரின் கைதான் ஓய்ந்தது. அண்ணன் ஒவ்வொரு மெமோவையும் பவ்யமாக வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அன்று சாயங்காலமே யாரையாவது ஏற்றிக்கொண்டு வருவார். ஒரு தடவை ஓர் ஆட்டுக்காரரும் அவருடைய இரண்டு ஆடுகளும் என்னோடு பின்சீட்டில் வந்தார்கள். நான் சேகரித்துவைத்திருந்த மரப்பட்டைத் துண்டில் பாதியை ஓர் ஆடு தின்றுவிட்டது. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் அந்த ஆடே மிரண்டுபோனது. அண்ணன் மட்டும் சிரித்தபடி, "போகட்டும் மேடம், வேற பட்டை எடுத்துக்கலாம்" என்றார்.

எங்கள் அலுவலகம் என்ன என்று சொல்லவில்லையே. செத்த செடிகளின் கிடங்கு என்று கிளார்க் சொல்வார், தப்பில்லை. நீளமான கூடம், இரண்டு பக்கமும் இரும்பு அலமாரிகள், மூக்கைத் துளைக்கும் பூச்சி உருண்டை வாசனை. அலமாரிகளுக்குள் காய்ந்த செடிகள், காகிதத்தில் ஒட்டப்பட்டு அடுக்கடுக்காக. கடைசி அலமாரிகள் என் பொறுப்பு. அவற்றில் லைக்கன்கள் இருக்கின்றன. பாறையிலும் பழைய சுவரிலும் மரப்பட்டையிலும் சாம்பலாகவும் மஞ்சளாகவும் படர்ந்திருக்குமே, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் அந்த உயிர். படித்தவர்கள் லைக்கன் என்போம். அலுவலகத்தில் எல்லாருக்கும் வெறும் பாசிதான். ஒவ்வொன்றும் மடித்த காகித உறைக்குள் இருக்கும். உறையின் மேல் ஒரு சீட்டு: எங்கே எடுத்தது, எதன்மேல் வளர்ந்தது, யார் எடுத்தார்கள், என்றைக்கு.

நான் பின்தொடர்ந்த இனத்தை எங்களுக்குள் மஞ்சள் செதில் என்போம். வெயிலுக்குப் பிறந்த பாசி அது. எங்களிடம் இருந்த உறைகளைப் பிரித்தால் ஒரு பெரிய ஊரையே சுற்றிவந்ததுபோல் இருக்கும். பள்ளிக்கூட ஓட்டுக்கூரையில் எடுத்தது. கல்லறைப் பலகையில் எடுத்தது. குருவிகள் உட்கார்ந்து எச்சமிடும் இரும்பு கேட்டில் எடுத்தது. கடலோரப் பாறை, ரயில் நிலையத்துச் சிமெண்டு பெஞ்சு, மூடிப்போன ஆலையின் சுற்றுச்சுவர். இடம் எதுவானாலும் நல்ல வெயில், நல்ல வறட்சி, முக்கால்வாசி இடங்களில் சுண்ணாம்பு. ஒரே ஓர் உறை மட்டும் குறுக்கே நின்றது. 'ஓடையோரம், அடர்ந்த நிழல், ஈரமான வேரின் மேல்' என்று அதில் எழுதியிருந்தது. எடுத்தவர் உளி சார்.

உளி சார் எங்கள் அலுவலகத்தின் பெரிய தலை. நான் சேருவதற்குள் இறந்துபோனார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் சின்ன உளி வைத்திருப்பாராம். பேச்சும் அப்படித்தான் இருக்குமாம். அவர் எழுதிய சீட்டை யாரும் சந்தேகப்பட்டதில்லை. வெயில் பாசி நிழலிலும் ஈரத்திலும் வாழ்ந்திருக்கிறது என்றால் அது சின்ன விஷயமா? எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. அந்த உறையை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன். பாசியின் அடிப்பக்கத்தில் வெள்ளையாக ஏதோ துகள் ஒட்டியிருந்தது. ஓடையில் அடித்துவந்த வண்டல் என்று நானே முடிவுகட்டி, நானே கட்டுரையும் எழுதினேன். அந்த இடத்தைத் திரும்பக் கண்டுபிடித்து, பாசி இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் மிச்சம்.

மூன்று வருஷம் தேடினேன். மழை விட்டதும் கிளம்புவோம். பிரேக் அண்ணன் ஓடைப் பாலத்தருகே வண்டியை நிறுத்துவார். நான் ஓடையோடு ஏறுவேன். வேர் வேராகக் குனிந்து பார்த்து முதுகு ஒடிந்ததுதான் மிச்சம். அன்றைக்கு உளி சாரோடு வந்த டிரைவர் அண்ணன்தான் என்பது எனக்குத் தெரியும். "எந்த இடம்னு ஞாபகம் இருக்காண்ணே?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கிணற்றில் கல்லைப் போட்டமாதிரி இருப்பார். ஒரே ஒரு தடவை, ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே, "விட்டுடுங்க மேடம். அங்க இருக்காது" என்றார். நான் கேட்கவில்லை. எனக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டார் என்று எரிச்சல்தான் வந்தது.

அவர் ஓய்வுபெறும் வருஷம் அது. ஓடையில் வழவழப்பான கல் ஒன்றில் கால் வைத்தேன். அடுத்த நொடி தண்ணீரில் கிடந்தேன். முழங்கால் பாறையில் மோதிய சத்தம் எனக்கே கேட்டது. கத்தினேன். பாலத்திலிருந்து அண்ணன் ஓடிவந்தார். அந்த வயதில் மனிதர் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. என்னைத் தோளில் தாங்கிக் கரையேற்றினார். நான் வலியில் முனகுகிறேன், அவர் அழுகிறார். யாருக்கு அடிபட்டது என்றே தெரியவில்லை.

"இங்க இல்லம்மா. எப்பவும் இருந்ததில்ல. அது பொய்ம்மா" என்றார். அதுவரை மேடம் என்று மட்டுமே கூப்பிட்டவர்.

ஊர் மருத்துவமனையில் முழங்காலுக்குக் கட்டுப் போட்டார்கள். எலும்பு உடையவில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. எக்ஸ்ரே தகடு வரும்வரை வராந்தாவில் பச்சைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரே மருந்து வாங்கும் வரிசை. அங்கே வைத்துத்தான் சொன்னார், வரிசையைப் பார்த்தபடியே.

அவர் வேலையில் சேர்ந்த புதிது. நிரந்தரம் ஆகவில்லை. உளி சாரும் அவரும் ஓடைப் பக்கம் போகவே இல்லை. மலையின் மறுபக்கத்துச் சாலையில் போனார்கள். ஒரு வளைவில் தடுப்புச்சுவர் முழுக்க மஞ்சள் செதில். உளி சார் நிறுத்தச் சொல்லி, உட்கார்ந்து நிதானமாகச் செதுக்கி எடுத்தார். பாசிக்குக் கீழே இருந்த சுண்ணாம்புச் சுவர்க்காரையும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. பெட்டிகளை எல்லாம் பின்னால் அடுக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அடுத்த வளைவு திரும்பியதும் சாலை நடுவில் ஒரு பெண், தோளில் குழந்தை. குழந்தையின் தலை தொங்கிக்கொண்டிருந்தது.

"என் கால் பிரேக்குக்குப் போய்டுச்சும்மா. வண்டி மெதுவாயிடுச்சு. நின்னுடுச்சுன்னு நினைச்சு அந்தப் பொண்ணு பின்பக்கமா ஓடி வந்தா. சார், 'எங்கய்யா இடம் இருக்கு? பின்னாடி பூரா பெட்டி. மழை வருது, போ'ன்னாரு. நான் கியரைப் போட்டுட்டேன். பின்கதவுல தட்டினா. கையால. ஒரே ஒரு தட்டு. அப்புறம் கேக்கல."

எதிரே வரிசை ஓர் அடி நகர்ந்தது.

"பூவா இருந்தாலும் வாடிடும்னு சொல்லலாம். பாசி வாடுமா? எத்தனை வருஷம் உறையில போட்டு வெச்சாலும் அப்படியேதானே இருக்கு. அதுக்கு நின்னோம்மா. அதுக்கு மட்டும் நின்னோம்."

மறுநாள் அவர்கள் தங்கியிருந்த விடுதியின் காவலாளி பேச்சுவாக்கில் சொன்னாராம்: மேலே ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி நடந்திருக்கிறாள், ஒரு வண்டியும் நிற்கவில்லை, ஊர்க்காரர்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள், புகார் கொடுக்கப்போகிறார்களாம். குழந்தை என்ன ஆனது என்று காவலாளி சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. உளி சார் அறைக்குள் போனார். வெளியே வந்தபோது பயணக் குறிப்பில் ஓடை இருந்தது. உறையின் சீட்டில் ஓடை இருந்தது. "நாம அந்த ரோட்டுலயே போகல, புரிஞ்சுதா?" என்றார்.

"அப்புறம் யார் வந்து கேட்டாங்க?" என்றேன்.

"யாரும் கேக்கலம்மா. புகாரும் வரல, ஒண்ணும் வரல. இத்தனை வருஷத்துல அந்த ஓடையில எந்த இடம்னு கேட்ட ஒரே ஆள் நீங்கதான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மூன்று வருஷம்! எங்கள் வரைபடத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை நம்பி என் கட்டுரை, என் கட்டுரையை நம்பி இன்னும் யார் யாரோ. வண்டல் என்று எழுதினேனே, அது சுவர்க்காரை! காறித் துப்பாத குறைதான், என்னை நானே. அவரையும் விடவில்லை. "என் காதுல பூ சுத்திட்டீங்களேண்ணே" என்று அந்த வராந்தாவிலேயே சத்தம் போட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கத்தி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வளைவுக்கு வளைவு இறங்கிப்போய் அவர் பார்த்தது கதவை இல்லை.  எத்தனை தடவை அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

கால் சரியாகும்வரை நான் வீட்டில் இருந்தேன். அண்ணனின் மனைவி என்னைப் பார்க்க வந்தார். அண்ணனே சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் அவர் பேசியது தன் பாட்டைத்தான். "கல்யாணம் ஆன புதுசுல, இவருக்கு ஏதோ பிடிச்சிருக்குன்னு எங்கம்மா சொன்னாங்க. எம் பொண்ணுக்குச் சின்ன வயசுல காய்ச்சல் வந்தா, டாக்டர்கிட்ட காட்டி, மருந்து குடுத்து, அது பாட்டுக்குத் தூங்கும். இவரு என்ன செய்வாரு தெரியுமா? வாசல்ல வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பாரு. காய்ச்சல் இறங்கினாத்தான் ஆஃப் பண்ணுவாரு. பக்கத்து வீட்டுக்காரங்களோட எவ்வளவு சண்டை! ஏன்னு கேட்டா சொல்ல மாட்டாரு. இப்பதான் சொன்னாரு, போன வாரம். முப்பது வருஷத்துக்கும் மேல என் வீட்டுல இன்னொரு புள்ளயும் இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியல."

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தப்பான சீட்டைக் கிழிக்கக் கூடாது, அடிக்கவும் கூடாது. அதன் கீழே புதுச் சீட்டு ஒட்டி, சரியான இடத்தை எழுதி, யார் திருத்தியது என்று கையெழுத்துப் போட வேண்டும். வேலைக்குத் திரும்பியதும் அண்ணனைக் கூடத்துக்குள் கூப்பிட்டுக் காட்டினேன். உறையை அவர் தொடவில்லை.

"அப்ப பொய்யும் கூடவே இருக்குமா?"

"இருக்கும்ணே. மேல அது, கீழ இது."

யோசித்தார். "இடத்தை எழுதிடலாம்மா. அது பெரிய விஷயமில்ல. அந்தப் புள்ள இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியணும். தெரியாம ரிட்டயர் ஆனா நான் வீட்ல உட்கார்ந்து என்ன பண்ணுவேன்?"

என்னிடம் நல்ல பதில் இருந்தது. எல்லாரிடமும் இருக்கும் பதில். "நீங்க என்னண்ணே செய்ய முடியும்? சார் சொன்னாரு. வேலை போயிருக்கும்" என்றேன். அவர் மனைவியும் அதையேதான் சொன்னாராம். அண்ணன் கேட்டுக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அவருடைய கடைசி வாரத்தில் இரண்டு பேரும் கிளம்பினோம். பதிவேட்டில் 'இடம் சரிபார்த்தல்' என்று எழுதினேன், பொய் இல்லை. இத்தனை வருஷத்தில் அந்தச் சாலைக்கு அவர் வண்டியைத் திருப்பியதே இல்லை. சாலை பிரியும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, கையைத் துண்டில் துடைத்தார்.  காலை வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பேய் பிசாசு என்று பயப்பட ஒரு நிழல்கூட இல்லை அந்தச் சாலையில். ஆனாலும் எனக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

தடுப்புச்சுவர் அப்படியே இருந்தது. மஞ்சள் செதில் சுவர் முழுக்கப் படர்ந்து, சின்னச் சின்ன வட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. உளி பட்ட இடம் எது என்று இனி யாரும் சொல்ல முடியாது. நான் வழக்கம்போல் குனிந்து ஒரு துண்டு எடுத்தேன். எடுக்கும்போதே வெட்கமாக இருந்தது. அண்ணன் இறங்கவில்லை. என்ஜினை அணைக்கவும் இல்லை.

அடுத்த வளைவைத் தாண்டினால் ஏழெட்டு வீடுகள். முதல் வீட்டில் விசாரித்தோம். சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கினவர், ரொம்ப வருஷம் முன்னாடி, என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அந்த வீட்டுப் பெண் சட்டென்று கை நீட்டினாள். "சாக்குத் தைக்கிற அக்காதான். கடைசி வீடு."

கடைசி வீட்டு வாசலில் கிழிந்த சாக்குகள் மலைபோல் குவிந்திருந்தன. நடுவில் ஓர் அம்மாள் நீள ஊசியும் சணலுமாக உட்கார்ந்திருந்தார். அண்ணன் வயதுதான் இருக்கும். எங்களைப் பார்த்ததும், "சாக்கு வேணுமா?" என்றார்.

அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டினார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரே பேசட்டும் என்று ஒதுங்கி நின்றேன்.

"நீங்க... ஒரு நாள் குழந்தையைத் தூக்கிட்டு ரோட்டுல நின்னீங்க. வண்டி எதுவும் நிக்கல."

ஊசி நின்றது. "யாருங்க நீங்க?"

"நான் ஒரு வண்டி ஓட்டிட்டுப் போனேன். நிக்காம."

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். கோபம் வருமென்று நான் காத்திருந்தேன். வரவில்லை. "எந்த வண்டி?" என்றுதான் கேட்டார்.

"பச்சை ஜீப்பு. பின்னாடி பூரா பெட்டி. கொஞ்சம் மெதுவாப் போனேன். நீங்க ஓடி வந்து பின்கதவுல தட்டினீங்க."

அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், கேட்டவருக்கு உதவ வேண்டும் என்பதுபோல. "ஜீப்பு... ஞாபகம் இல்லைங்க. ஒரு லாரி ஞாபகம் இருக்கு, அவன் ஹார்ன் அடிச்சுட்டே போனான். ஒரு வேன்ல பொம்பளைங்ககூட இருந்தாங்க. தட்டினேன்னா சொல்றீங்க? எல்லா வண்டியையும்தான் தட்டினேன்."

அண்ணன் சாக்குக் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.  "புள்ள?" என்றார். 

"கீழ போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே போய்டுச்சு. பாலத்துக்கிட்ட. எனக்குத் தெரியும், தூக்கிட்டு வந்தவளுக்குத் தெரியாதா? ஆனாலும் ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தேன்." சணலைப் பல்லால் கடித்து அறுத்தார். "பொண்ணு. அப்பதான் நடக்கப் பழகுச்சு."

நான் அழுதேன். அழுகிற உரிமை எனக்கு என்ன இருக்கிறது என்று தெரியாமல் அழுதேன். அண்ணன் அழவில்லை. முழங்காலில் கையை ஊன்றி, அந்த அம்மாளின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நான் நிறுத்தியிருக்கலாம்மா" என்றார்.

சார் சொன்னாரு, நீங்க என்ன செய்வீங்க என்று நாங்கள் எல்லாரும் அவருக்குச் சொல்லிவைத்திருந்த பதில் என் வாய்வரை வந்தது. அந்த அம்மாள் முந்திக்கொண்டார்.

"ஆமா" என்றார். குரலில் சூடும் இல்லை, ஆறுதலும் இல்லை. "நிறுத்தியிருக்கலாம்."

அடுத்த சாக்கை மடிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, கிழிசலைத் தேடினார். அண்ணன் எழுந்து போகவில்லை. வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாளும் அவரைப் போகச் சொல்லவில்லை.